முதல்ல பார்டர், அப்புறம் மத்ததுன்னா அந்த அப்புறம் எப்ப வரும்?

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது அமெரிக்கா விசா, கிரீன் கார்டு, மெக்சிகோ பார்டர் பத்தித்தான். பெங்களூர்ல எந்த தெருவுக்குப் போனாலும் யார் வீட்டுலயாவது ஒரு பையனோ பொண்ணோ அங்க இருக்காங்க, அதனால கவலையும் அதிகம். எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். பேர் போடாதீங்கன்னு பல பேர் கேட்டதால ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

மேடம், நான் பப்ளிக் செக்டார்ல இருந்து ரிட்டயர் ஆனவன். மக வீட்டுக்கு நியூ ஜெர்சி போய் இருந்துட்டு வந்திருக்கேன். வீட்டுக்கு கதவு தாழ்ப்பாளே சரியில்லாதப்ப யாரை உள்ள கூப்பிடலாம் யாரை கூப்பிடக் கூடாதுன்னு பேசி என்ன பிரயோஜனம்? முதல்ல பார்டரை டைட் பண்ணட்டும், அப்புறம் சட்டத்தை திருத்தட்டும். இதுல என்ன தப்பு?
*சி.வி. ராமன் நகர் வாசகர்*

ஐயா, இப்படி நினைக்கிறவங்களுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். 1986-ல அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரீகன் ஒரு சட்டத்துல கையெழுத்து போட்டார். ஏற்கனவே பேப்பர், அதாவது முறையான அனுமதி, இல்லாம உள்ள இருக்கறவங்களுக்கு சட்டப்படி அந்தஸ்து, அதுக்கு பதிலா இனிமே பேப்பர் இல்லாத ஆளை வேலைக்கு வச்சா முதலாளிக்கு அபராதம், பார்டர்லயும் காவலை கூட்டறது, இதுதான் ஒப்பந்தம். முதல் பாதி நடந்துச்சு, கிட்டத்தட்ட 27 லட்சம் பேருக்கு அந்தஸ்து கிடைச்சுது. ரெண்டாவது பாதி காத்துல போச்சு. ஏன்னா காட்டற பேப்பர் பார்வைக்கு சரியா இருந்தா போதும், அது உண்மையான்னு முதலாளி தோண்டிப் பாக்க வேண்டியதில்லன்னு சட்டத்துலயே இடம் விட்டுட்டாங்க, அப்புறம் என்ன, போலி கார்டு அடிக்கறதே ஒரு தொழிலா வளர்ந்துச்சு. 1990-ல 35 லட்சமா இருந்த பேப்பர் இல்லாதவங்க எண்ணிக்கை 2007-ல 1 கோடியே 22 லட்சத்துக்கு போயிடுச்சு. குடுக்க வேண்டியதை குடுத்துட்டோம், வாங்க வேண்டியதை வாங்கவே இல்லன்னு அங்க நிறைய பேருக்கு இருக்கற மனக்குறை அங்கேருந்து வருது. அதை வெறும் வெறுப்புன்னு ஒதுக்கிட முடியாது.

ஆனா நீங்க சொன்ன கதவு விஷயத்துல ஒண்ணை யோசிச்சுப் பாருங்க ஐயா. முறையா வர்றதுக்கு ஒரு கதவு இருந்தாத்தான் தாழ்ப்பாளுக்கு வேலை. 1942-லேர்ந்து 1964 வரைக்கும் மெக்சிகோ விவசாயக் கூலிங்க சீசனுக்கு வந்துட்டுப் போக பிராசெரோன்னு அரசாங்கமே ஒரு திட்டம் வச்சிருந்துச்சு. அதுல கூலிக்காரங்களை ரொம்ப மோசமா நடத்தினாங்கங்கறதும் உண்மை, அதனாலயே நிறுத்தணும்னு குரல் வந்துச்சு, நிறுத்தினாங்க. மறு வருஷமே 1965 சட்டம் வந்து, மெக்சிகோ உட்பட அமெரிக்கக் கண்டத்து நாடுகள்லேருந்து எத்தனை பேர் குடியேறலாம்ங்கறதுக்கும் முதல் தடவையா ஒரு உச்சவரம்பு வச்சுது. ஆனா தோட்டம் அங்கயேதான் இருக்கு, தக்காளி பறிக்க ஆள் வேணும், அதே ஆளுங்க அதே தோட்டத்துக்கு வந்தாங்க. நேத்து வரைக்கும் பர்மிட்டோட வந்தவன் இன்னிக்கு சட்டவிரோதமா வந்தவன் ஆயிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் நீங்க சொல்ற மாதிரியே பார்டரை டைட் பண்ணாங்க. பார்டர் ஊர்கள்ல 1993-ல எல் பாசோ, 1994-ல சான் டியேகோ. ஊர் பக்கத்துல கடக்க முடியாமப் போனதும் ஜனங்க அரிசோனா பாலைவனம் வழியா நடந்தாங்க, தண்ணி இல்லாம எத்தனையோ பேர் செத்தாங்க, கடத்திக் கூட்டிட்டுப் போற ஏஜெண்டுங்க ரேட்டை ஏத்தினாங்க. இன்னொண்ணும் நடந்துச்சு, இதைத்தான் பிரின்ஸ்டன் பேராசிரியர் டக்ளஸ் மேஸி வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொல்லிட்டு வர்றார். முன்னாடி சீசன் முடிஞ்சா ஊருக்குத் திரும்பிப் போனவங்க, இப்ப போனா மறுபடி வர முடியாதுன்னு அங்கயே தங்கிட்டாங்க, பொண்டாட்டி புள்ளைகளையும் வரவழைச்சுக்கிட்டாங்க. வெளிய நிறுத்தணும்னு போட்ட காவல் உள்ள இருக்கறவங்களை உள்ளயே பூட்டி வச்சிடுச்சு. 1990-கள் ஆரம்பத்துல சுமார் 4,000 பேர் இருந்த பார்டர் பேட்ரோல்ங்கற எல்லைக் காவல் படை 2011-ல 21,000-ஐ தாண்டிடுச்சு, 2006-ல வேலி போட தனிச் சட்டமே வந்துச்சு. அதனால முதல்ல பார்டருங்கறதை யாரும் செய்யாம விடல.

சரி, எவ்வளவு செஞ்சா போதும்? அதை ஒரு தடவை எழுதியே வச்சாங்க. 2013 ஜூன்ல செனட் 68-க்கு 32 ஓட்டுல ஒரு பெரிய மசோதாவை பாஸ் பண்ணுச்சு. பேப்பர் இல்லாதவங்களுக்கு முதல்ல தற்காலிக அந்தஸ்து மட்டும்தான், கிரீன் கார்டு வேணும்னா 10 வருஷம் போகணும், அதுக்குள்ள 700 மைல் வேலி முடிஞ்சிருக்கணும், பார்டர் பேட்ரோல் ஆள் எண்ணிக்கை 38,405 ஆகணும், எல்லா முதலாளியும் கம்ப்யூட்டர்ல சரிபார்த்துதான் ஆள் எடுக்கணும், ஏர்போர்ட்ல வெளிய போறவங்களையும் பதிவு பண்ணணும். இதை விட தெளிவா ஒரு 'முதல்ல' எழுத முடியாது. கீழ்சபையில அதை ஓட்டுக்கே எடுக்கல. அன்னிலேருந்து எனக்கு இந்த 'முதல்ல'ங்கற பேச்சுல நம்பிக்கை போச்சு ஐயா. அளவு சொல்லாத நிபந்தனைக்கு முடிவே வராது, அளவு சொன்னப்பவும் அதை ஏத்துக்கல.

பார்டர் திறந்து கிடக்கட்டும்னு நான் சொல்லவே இல்ல. 2023 டிசம்பர் ஒரே மாசத்துல மெக்சிகோ பார்டர்ல கிட்டத்தட்ட 2.5 லட்சம் பேர் பிடிபட்டாங்க, எந்த நாடும் அதை தாங்க முடியாது. குடியேற்ற கோர்ட்டுல 30 லட்சத்துக்கு மேல கேஸ் தேங்கிக் கிடந்துச்சு. அடைக்கலம் கேட்டா தீர்ப்பு வர பல வருஷம் ஆகும், அது வரைக்கும் உள்ள இருந்து வேலை பாக்கலாம்னா வர்றவன் வரத்தான் செய்வான். அதனால ஜட்ஜ்களையும் அதிகாரிகளையும் கூட்டி கேஸை மாசக்கணக்குல முடிக்கறதும் பார்டர் பாதுகாப்புதான், என்னைக் கேட்டா வேலியை விட பெரிய பாதுகாப்பு அது. காவல், கோர்ட்டு, முறையான வேலை விசா எல்லாம் ஒரே சட்டத்துல, ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு ஒண்ணா வரணும். வரிசையில ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னு வச்சா பின்னாடி வச்சது வரவே வராது.

என் பையன் டெக்சாஸ்ல 2011-லேர்ந்து எச்-1பி வேலை விசாவுல இருக்கான். கிரீன் கார்டு பிரிவு ஈபி-2, பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில சேந்த தேதி, 2014. ஒழுங்கா வரி கட்டறான், ஒரு டிராஃபிக் டிக்கெட் கூட கிடையாது. சுவர் ஏறிக் குதிச்சு வந்தவங்களால தானே இவனுக்கு கிரீன் கார்டு லேட்டாகுது? அவங்களை அனுப்பிட்டா லைன் நகரும்ல?
*ஜெயநகர் வாசகி*

அம்மா, உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது, ஆனா உங்க கோபம் தப்பான ஆள் மேல போகுது. உங்க பையன் நிக்கற லைன்ல அவங்க யாரும் இல்ல. நாளைக்கே எல்லாரையும் அனுப்பிட்டாலும் உங்க பையன் தேதி ஒரு நாள் கூட நகராது.

அந்த லைன் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். 1990 சட்டப்படி வேலை அடிப்படையில வருஷத்துக்கு குடுக்கற கிரீன் கார்டு 1,40,000. இதுல வேலை பாக்கறவர் மட்டுமில்ல, அவர் மனைவி, குழந்தைகளும் சேர்த்தி, அதனால ஒரு குடும்பத்துக்கே மூணு நாலு நம்பர் போயிடும். அதுக்கு மேல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. 140 கோடி பேர் இருக்கற இந்தியாவுக்கும் 4 லட்சம் பேர் இருக்கற ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. மத்த நாடுகள் எடுக்காம மிஞ்சினது கொஞ்சம் நமக்கு வரும், அதனாலதான் 2025-ல ஈபி-2 இந்தியா லைன் 2013-ல சேந்தவங்க கிட்டயே நின்னுட்டு இருந்துச்சு. 1990-ல போட்ட நம்பர் அது. அன்னிக்கு ஒயிட்ஃபீல்டுல ஐடி பார்க்கே கிடையாது. அதுக்கப்புறம் உலகமே மாறிடுச்சு, நம்பர் மட்டும் மாறல.

இதை மாத்த முயற்சி நடக்காமலும் இல்ல. நாட்டுக்கு நாடு வச்ச இந்த வரம்பை வேலை விசாவுக்கு எடுக்கணும்னு 2019 ஜூலைல கீழ்சபை 365-க்கு 65-ல பாஸ் பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல செனட்டும் சில திருத்தத்தோட எதிர்ப்பே இல்லாம பாஸ் பண்ணுச்சு. ரெண்டு சபையோட வாசகமும் ஒத்துப் போகல, ஒண்ணாக்கறதுக்குள்ள அந்த காங்கிரஸோட, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோட, காலம் முடிஞ்சு மசோதா செத்துப் போச்சு.

2024 பிப்ரவரியில இன்னொண்ணு வந்துச்சு, அது உங்க பையனுக்கு நேரா சம்பந்தப்பட்டது. லாங்ஃபோர்டு, மர்ஃபி, சினிமான்னு மூணு செனட்டர்கள் உக்காந்து எழுதின பார்டர் மசோதா. நாளுக்கு சராசரியா 5,000 பேருக்கு மேல வந்தா பார்டரை மூடற அதிகாரம், அடைக்கலத்துக்கு கடுமையான விதின்னு எல்லாம் இருந்துச்சு. அதோட 5 வருஷத்துல 2,50,000 கூடுதல் விசா, எச்-1பி குடும்பத்துக் குழந்தைகளுக்கு 21 வயசு ஆனாலும் வரிசையில இடம் போகாத மாதிரி பாதுகாப்பு, இதுவும் இருந்துச்சு. அதுல குறைகளும் உண்டு, சின்ன வயசுல பேப்பர் இல்லாம வந்து வளர்ந்தவங்களுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் ரெண்டையும் ஒண்ணா கட்டின மசோதா அது. டிரம்ப் அதை எதிர்த்தார், 60 ஓட்டு வேணும், 49-தான் விழுந்துச்சு. பார்டர்தான் முதல்லன்னு மேடைக்கு மேடை பேசினவங்கள்ல பல பேர் அன்னிக்கு பார்டர் மசோதாவுக்கே எதிரா ஓட்டு போட்டாங்க அம்மா, உங்க பையனுக்கு வர வேண்டிய விசாவும் அதோட போச்சு.

இன்னொரு விஷயம். பேப்பர் இல்லாதவங்க எல்லாரும் சுவர் ஏறி வந்தவங்க இல்ல. கிட்டத்தட்ட பாதி பேர் முறையா விசா வாங்கி ஏர்போர்ட் வழியா, செக்போஸ்ட் வழியா வந்து தேதி முடிஞ்சும் தங்கினவங்கன்னு ப்யூ ஆய்வு நிறுவனம் 2006-லயே கணக்கு போட்டு சொல்லிடுச்சு. அவங்களை எந்த சுவரும் தடுக்காது.

அக்கா, நான் எலக்ட்ரானிக் சிட்டில வேலை பாக்கறேன், கம்பெனில ஆன்சைட்டுக்கு அமெரிக்கா அனுப்பறதா பேச்சு. இப்பதான் பார்டர் அடங்கிடுச்சே, யாரும் வர்றதில்லயே, இனிமேலாவது லீகலா வர்றவங்களுக்கு நல்லது நடக்கும்ல?
*எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்*

தம்பி, இந்த வாதத்துக்கே பரிட்சை வச்ச மாதிரி ஆயிடுச்சு 2025. செப்டம்பரோட முடிஞ்ச அந்த நிதியாண்டுல மெக்சிகோ பார்டர்ல பிடிபட்டவங்க சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம். 1970-க்கு அப்புறம் இவ்வளவு கம்மியா இருந்ததே இல்ல. 2024 பாதியிலயே குறைய ஆரம்பிச்சுது, மெக்சிகோவும் தன் பக்கம் தடுத்துது, அப்புறம் 2025 ஜனவரியில அடைக்கலம் கேக்கற வழியையே மூடினாங்க. எப்படியோ, முதல்ல ஆகணும்னு கேட்டது ஆயிடுச்சு.

அப்புறம் என்ன வந்துச்சு? ஜூலைல சுவருக்குன்னு மட்டும் சுமார் 46 பில்லியன் டாலரும் ஆளைப் பிடிச்சு அடைச்சு வைக்கற இடங்களுக்கு 45 பில்லியன் டாலரும் ஒதுக்கினாங்க. செப்டம்பர் ஆரம்பத்துல இண்டர்வியூ இல்லாம விசா புதுப்பிக்கற டிராப்பாக்ஸ் வசதியை பெரும்பாலானவங்களுக்கு எடுத்தாங்க. அதே செப்டம்பர் 19-ம் தேதி, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு புதுசா எச்-1பி போட 1,00,000 டாலர் கட்டணும்னு உத்தரவு, அன்னிக்கு மதிப்புல 88 லட்சம் ரூபாய் கிட்ட. உன்னை மாதிரி ஆன்சைட் காத்துட்டு இருக்கறவங்க தலையில நேரா விழுந்தது அதுதான். அந்த வார சனிக்கிழமை லீவுக்கு ஊர் வந்த பசங்க பாதியிலயே டிக்கெட் மாத்திட்டு தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு ஓடினதை நாம எல்லாரும் பாத்தோம், ஏற்கனவே விசா இருக்கறவங்களுக்கு இல்லன்னு விளக்கம் வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

பார்டர்ல ஆள் வரலன்னா மனசு இளகி முறையான வழியை அகலப்படுத்துவாங்கன்னு நம்பினவங்க இதைக் கவனிக்கணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல தானா ஒரு தொடர்பு கிடையாது, யாராவது சட்டமா எழுதி கட்டினாத்தான் உண்டு. பார்டர் அமைதியா இருந்தா சீர்திருத்தத்துக்கு என்ன அவசரம்னு சொல்றாங்க, கூட்டமா இருந்தா இந்த நேரத்துலயா சீர்திருத்தம்னு சொல்றாங்க.

பெங்களூர்ல 2025 ஜனவரியில அமெரிக்க கான்சுலேட் திறந்தாங்க, விசா வேலை உடனே இங்க கிடையாதுன்னும் சொல்லிட்டாங்க. நம்ம ஆளுங்க இன்னும் ராத்திரி ரயில்ல சென்னைக்குப் போய், ஜெமினி ஃப்ளைஓவர் பக்கம் இருக்கற கான்சுலேட் வாசல்ல காலங்காத்தால வரிசையில நிக்கறாங்க. கையில டிரான்ஸ்பரண்ட் ஃபைல், அதுக்குள்ள ஐ-797ங்கற விசா மனு நோட்டீஸ், மூணு வருஷ பே ஸ்லிப், கல்யாண போட்டோ கூட வச்சிருப்பாங்க, எதைக் கேப்பாங்களோன்னு. போன் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, எதிர்ல காசு குடுத்து வச்சுட்டுப் போகணும். விதியை ஒண்ணு விடாம பின்பத்தற ஜனங்க இவங்க. சட்டப்படி வர்றவங்களை வரவேற்கறோம்னு சொல்றவங்க இந்த வரிசையை வந்து பாக்கணும்.

உனக்கு என் யோசனை: எல்1 (அதே கம்பெனியோட அமெரிக்க ஆபீஸுக்கு மாத்தற விசா), கனடா, ஐரோப்பா எல்லாத்தையும் கம்பெனில பேசி வை. ஒரே விசாவை நம்பி கல்யாணம், வீட்டு லோன்னு பிளான் பண்ணாதே.

என் தம்பிக்கு ஒரு ஏஜெண்ட், நிக்கராகுவா வரைக்கும் ஃப்ளைட், அங்கேருந்து ரோடு வழியா அமெரிக்கான்னு சொல்லி லட்சக்கணக்குல கேக்கறான். போகலாமா?
*மும்பை மாட்டுங்கா வாசகி*

வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர்ல 303 பேரோட நிக்கராகுவா போன ஒரு விமானத்தை பிரான்ஸ்ல வாட்ரி ஏர்போர்ட்டுல நிறுத்தி, அதுல பெரும்பாலானவங்களை உங்க மும்பைக்கேதான் திருப்பி அனுப்பினாங்க. 2022 ஜனவரியில கனடா பார்டர் பனியில குஜராத் டிங்குச்சா கிராமத்துக் குடும்பம் ஒண்ணு, சின்னக் குழந்தை உட்பட நாலு பேர், உறைஞ்சு செத்தாங்க. 2025 பிப்ரவரி 5-ம் தேதி அமிர்தசரஸ்ல இறங்கின ராணுவ விமானத்துல 104 பேர் வந்தாங்க, பல பேர் கையிலயும் கால்லயும் விலங்கோட, நிலத்தை வித்துட்டுப் போனவங்க அதுல எத்தனையோ பேர். ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னிக்கே போலீஸ்ல புகார் குடுங்க.

அமெரிக்காவுக்கு இவ்வளவு பேசறோமே, நம்ம நாட்டுல இது எப்படி இருக்கு?
*அல்சூர் வாசகர்*

நல்லா கேட்டீங்க, நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற விஷயம். 1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் படகு ஏறி வந்த இலங்கைத் தமிழர்கள்ல 58,000 பேர் கிட்ட தமிழ்நாட்டு முகாம்கள்ல இருக்காங்க, மண்டபம், கும்மிடிப்பூண்டின்னு. இந்தியாவுல அகதிகளுக்குன்னு ஒரு சட்டமே கிடையாது. 1987 ஜூலை 1-க்கு அப்புறம் இங்க பொறந்திருந்தா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும், அதனால இங்கயே பொறந்து, இங்கயே படிச்சு, தமிழ்நாட்டைத் தவிர வேற ஊரே தெரியாத பிள்ளைங்க இன்னும் நாடில்லாம நிக்கறாங்க. 2019 குடியுரிமை திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணுக்கும்தான், இலங்கை அதுல இல்ல. 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணவங்க மேல பாஸ்போர்ட் இல்லன்னு வழக்கு போட மாட்டோம்னு. அது நிம்மதிதான், ஆனா குடியுரிமை இல்ல. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. ராமேஸ்வரம் கடல்ல காவல் போடறதுல நாம என்னிக்கும் குறை வைக்கல, உள்ள வந்து வாழற ஜனங்களை என்ன பண்றதுன்னு மட்டும் முடிவெடுக்கவே இல்ல.

நம்ம பெங்களூரையே எடுத்துக்கங்க. 2020 ஜனவரியில பெள்ளந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாரத்துல தகர ஷெட்டுங்களை வங்கதேசத்துக்காரங்கன்னு சொல்லி இடிச்சாங்க. அங்க இருந்தவங்கள்ல அஸ்ஸாம், திரிபுராவுலேருந்தும், வட கர்நாடகாவுலேருந்தே வந்தவங்களும் இருந்தாங்க, ஆதார், ஓட்டர் ஐடியெல்லாம் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. ஹைகோர்ட் அந்த நடவடிக்கையை கண்டிச்சுது. யார் முறையா இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க ஒழுங்கான பதிவு வழி இல்லாம, பாத்தா அப்படித் தெரியுதுன்னு காவல் மட்டும் போட்டா அடி யார் மேல விழும்னு அங்க கண்ணால பாத்தோம். பிழைக்க வந்த ஜனங்கன்னா அதுல நாமளும் சேர்த்திதானே, இந்த ஊர்ல 1991 டிசம்பர் காவிரி கலவரத்தை பாத்த அல்சூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பேத்தி 3 வயசுல டல்லாஸ் போனா, இப்ப 20. அவங்க அப்பாவுக்கு இன்னும் கிரீன் கார்டு வரல. 21 ஆனா என்ன ஆகும்? லீவுக்கு இங்க வந்திருக்கா, அவளுக்காக நான் எழுதறேன்.
*பானஸ்வாடி வாசகி*

பாட்டி, 21 முடிஞ்சதும் எச்-1பிக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற எச்-4 விசா போயிடும், அப்பாவோட கிரீன் கார்டு வரிசையிலயும் அவ இடம் போயிடும். 2012-ல ஒபாமா கொண்டு வந்த டாக்கா (DACA), அதாவது சின்ன வயசுல வந்தவங்களை நாடு கடத்தாம விடற பாதுகாப்பும் இவளுக்கு கிடையாது, அது அன்னிக்கு சட்டப்படி அந்தஸ்து இல்லாம இருந்தவங்களுக்கு மட்டும். சட்டப்படி போன ஒரே காரணத்தால விட்டுப்போன பிள்ளைங்க இவங்க, எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் தாங்க முடியாதது இதுதான்.

செய்ய வேண்டியது: அப்பாவுக்காக கம்பெனி போட்ட ஐ-140ங்கற கிரீன் கார்டு மனு எத்தனை நாள் பெண்டிங்ல இருந்துச்சோ அத்தனை நாளை அவ வயசுலேருந்து கழிக்க ஒரு சட்டம் இருக்கு. ஆனா 2025 ஆகஸ்ட் 15-லேருந்து அந்தக் கணக்குக்கு விசா புல்லட்டின்ங்கற மாசாந்திர வரிசைப் பட்டியல்ல ஃபைனல் ஆக்ஷன் தேதியை, அதாவது கிரீன் கார்டே குடுக்கற தேதியைத்தான் எடுக்கறாங்க, இந்தியா லைன் நிக்கற நிலைமையில அது அவளுக்கு உதவறது கஷ்டம். அதனால எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாத்தற மனுவை பிறந்த நாளுக்கு பல மாசம் முன்னாடியே போடணும். காலேஜ்ல இண்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல ஐ-20ங்கற மாணவர் விசா படிவம் கேக்கச் சொல்லுங்க, ஃபீஸ் மாறுமான்னும் அப்பவே விசாரிக்கட்டும். மனு பெண்டிங்ல இருக்கறப்ப நாட்டை விட்டு வெளிய வந்தா அதை கைவிட்டதா எடுத்துக்குவாங்க, அதனால அடுத்த லீவுக்கு நீங்கதான் அங்க போகணும். இப்ப திரும்பிப் போறதுக்கு முன்னாடி அவ பாஸ்போர்ட்டுல எச்-4 ஸ்டாம்ப் தேதி இருக்கான்னு இன்னிக்கே பாத்துடுங்க, முடிஞ்சிருந்தா சென்னை அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கறதுக்கே நாள் எடுக்கும்.